டப்பாவைக் கழற்றியும் பச்சை

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பச்சைக்கொடியாரை முதலில் பின்புறமிருந்துதான் பார்ப்பார்கள். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்ததும் நேர் எதிரே ஒரு முதுகு தெரியும். சாயம் போன நீலச் சட்டை, இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிய வலது தோள். இதை எழுதுகிறவனும் அப்படித்தான் பார்த்தான். பரம்பரையில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் போய் வணக்கம் சொன்னபோது அந்த முதுகு திரும்பவில்லை. "கொஞ்சம் இருப்பா, ஓடிக்கிட்டிருக்கு" என்றது. எது ஓடுகிறது, யார் துரத்துகிறார்கள் என்று புரியாமல் நின்றதுதான் அறிமுகம். ஓடி முடிந்த பிறகு அவர் திரும்பி, பச்சை வந்துவிட்டது, உட்கார் என்று நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அதன் பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் கதை துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. கொஞ்சம் அவர் வாயால், கொஞ்சம் அவர் மனைவி வாயால், மிச்சம் அவரைக் கிண்டல் செய்தவர்கள் வாயால்.

அந்த அலுவலகத்தில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். நோயாளி உள்ளே வருவதிலிருந்து வீடு திரும்புவது வரைக்கும் பெயர், படுக்கை, கொடுத்த மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று எல்லாம் அதில் ஏறும். எழுதுகிற கைகள் பல. ஒருவர் ஒரு வரியைத் தொட்டால் சம்பந்தமே இல்லாத வேறு மூலையில் ஒன்று உடையும். ஓட்டை ஓரிடம், ஒழுகுவது ஓரிடம். ஆகையால் யார் எதை மாற்றினாலும், மனிதர் கை படாமல், அந்த மாற்றம் ஒரு பாதையில் தானாக ஓடிச் சோதிக்கப்படும். அந்தப் பாதைக்குப் பைப்லைன் என்று பெயர். அதைப் பராமரிக்கிறவரை எல்லோரும் குழாய்க்காரர் என்று கூப்பிடுவார்கள். அவர் வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் வெளியாள்தான் வரவேண்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லித் தேய்ந்த நகைச்சுவை.

பைப்லைனுக்குள் இயந்திரம் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சின்ன உலகத்தைக் கட்டும். ஒரு கன்டெய்னரில் மென்பொருள், இன்னொன்றில் ஒன்றுமே எழுதாத வெறும் தரவுத்தளம், மூன்றாவதில் சோதனைகள். கன்டெய்னர் என்றதும் துறைமுகத்து இரும்புப் பெட்டியை நினைக்க வேண்டாம். கணினிக்குள்ளேயே சுவர் வைத்துத் தடுத்த தனி அறை, அவ்வளவுதான். அலுவலகத்தார் வாயில் அது டப்பா. மூன்று டப்பாக்களையும் கோர்த்துவிட்டால் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளும், சோதனைகள் ஓடும். எல்லாம் சரியாக இருந்தால் சுவரில் மாட்டிய பெரிய திரையில் பச்சை, எங்கே பிசகினாலும் சிவப்பு. முடிந்த கையோடு மூன்று டப்பாவும் இருந்த தடம் தெரியாமல் அழிக்கப்படும். வாடகைக்கு வீடு பிடித்து, சாமான் இறக்கி, ஒருவேளை உலை வைத்துச் சாப்பிட்டுவிட்டு உடனே காலி செய்கிற குடித்தனம் இது என்பார் பச்சைக்கொடியார். ஒரு நாளைக்கு எத்தனை குடித்தனம் என்று கேட்டால், எண்ணினால் தூக்கம் வராது என்பார்.

அந்தக் குடித்தனங்களுக்கெல்லாம் காவல்காரர் அவர். சோதனைகளை எழுதுவதும், சிவப்பு வந்தால் எதனால் என்று தோண்டுவதும், எல்லாம் பச்சையான பிறகு புதுப் பதிப்பு மருத்துவமனைக்குப் போகலாம் என்று கடைசி வார்த்தை சொல்வதும் அவர் வேலை. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுகிறவரைப் போல. அதனால் பச்சைக்கொடி. வயதுக்கு மரியாதையாக 'யார்' பிறகு ஒட்டிக்கொண்டது.

வருகிற சிவப்பில் பாதிக்கு உருப்படியான காரணமே இருக்காது. தரவு டப்பா கண் விழிப்பதற்குள் மென்பொருள் டப்பா போய்க் கதவைத் தட்டிவிடும். பதில் வராது, உடனே சிவப்பு. "அது இன்னும் பல்லே தேய்க்கல, அதுக்குள்ள போய் வேலை சொன்னா?" என்று அவர் திரையைப் பார்த்துத் தனியாகக் கேட்பார். அந்த மாதிரி நேரத்துக்கு 'மறுபடி ஓட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. இரண்டாவது தடவை பெரும்பாலும் பச்சை வந்துவிடும். வந்துவிட்டால் ஏன் சிவந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி வைக்கிற வைத்தியம் இது என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் அவரும் அழுத்தியவர்தான். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி விரல் மரத்துவிட்டது. விரல் மட்டுமல்ல.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் செவிலியர், காலை ஷிப்ட். பொழுது புலரும் முன்பே கிளம்பிவிடுவார். இவருக்கோ மதியத்துக்கு மேல்தான் வேலை சூடு பிடிக்கும். மருத்துவமனைகளில் கூட்டம் வடிந்த பிறகே புதுப் பதிப்பை ஏற்ற விடுவார்கள் என்பதால் வீடு திரும்ப வெகுநேரம் ஆகும். அவர் வரும்போது அந்தம்மா தூங்கியிருப்பார், அந்தம்மா கிளம்பும்போது இவர் தூங்கியிருப்பார். கேஸ் தீர்ந்தது, மின்கட்டணம் கட்டியாயிற்று, சாவி வழக்கமான இடத்தில் என்று செல்பேசியில் குரல் அனுப்பிக்கொள்வதுதான் குடும்பம். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் ஒருமுறை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரியே இல்லப்பா. டியூட்டி மாத்திக்கிற வாட்ச்மேன் மாதிரி இருக்கீங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அந்தம்மா தூங்கப் போனார், இவர் வேலைக்குப் போனார்.

இந்த நிலைமையில்தான் முதல் மாடியில் ஓர் இடம் காலியானது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிற குழு அது. காலையில் போனால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு. சிவப்பு, பச்சை எதுவும் கிடையாது. பச்சைக்கொடியார் மேலாளரிடம் போய், பெரிய முன்னேற்றமெல்லாம் வேண்டாம், இந்த இடம் போதும் என்று கேட்டார். மேலாளர் அவரைவிட வயதில் இளையவர். மரியாதை தெரிந்த பெண், ஆனால் கணக்குத் தப்பாதவர். புது மருத்துவமனை ஒன்றுக்கு முதன்முதலாக மென்பொருள் போகிறது, வியாழக்கிழமை அதற்குக் கொடி காட்டிவிட்டால் திங்கட்கிழமை தாராளமாகக் கீழே போகலாம் என்றார். கீழே இருக்கிற குழு திங்கட்கிழமைக்கு மேல் காத்திருக்காது, அதே இடத்துக்கு இன்னொருவரும் துண்டு போட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அவர் வீட்டுக்குக் குரல் அனுப்பினார். பதில் உடனே வந்தது. "நிஜமாவா? இதோ பாருங்க, உங்க ஆபீஸ் வாக்க நான் நம்ப மாட்டேன். நீங்க வந்து எதிர்ல உக்காந்தப்புறம் நம்பறேன்." அப்படிச் சொன்னாரே தவிர, அன்றைக்கே அலமாரிக்குப் பின்னால் கிடந்த மடக்கு மேசையை இழுத்துத் துடைத்துச் சமையலறைச் சுவரோரம் விரித்துவிட்டார். எதிரெதிராக இரண்டு பேர் உட்காரும் மேசை. வாங்கின புதிதில் பயன்பட்டது.

புதன்கிழமை வந்தது. கொஞ்ச காலமாகவே பைப்லைன் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. புது இயந்திரங்கள் வந்ததிலிருந்து சோதனைகள் சீக்கிரம் முடிந்தன, காரணமில்லாத சிவப்பு அநேகமாக நின்றே போயிற்று. குழாய்க்காரருக்குக் கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. பச்சைக்கொடியாரும் தோண்டித் துருவவில்லை. வெயிலில் நடந்தவனுக்கு நிழல் கிடைத்தால் அது எந்த மரம் என்றா கேட்பான்?

அன்று மதியம் அவர் கடைசியாக ஒருமுறை டப்பாக்களைக் கோர்க்கிற அமைப்புக் கோப்பைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். ஏதோ ஒன்றைச் சோதித்துப் பார்க்க, தரவு டப்பாவுக்கான வரிகளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எடுத்ததைத் திரும்பச் சேர்க்க மறந்து, பழக்க தோஷத்தில் ஓட்டுகிற பொத்தானையும் தட்டிவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது சுவரில் பச்சை. உட்கார்ந்தார், கோப்பைப் பார்த்தார், எடுத்த வரிகள் எடுத்தபடியே இருந்தன.

தரவு டப்பா இல்லை. நோயாளியின் பெயரை எழுதி வைக்க இடமே இல்லை. ஆனால் பெயரை எழுதினேன், திரும்பப் படித்தேன், சரியாக இருந்தது என்று அத்தனை சோதனைகளும் சத்தியம் செய்கின்றன. சிவப்பைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்ததுண்டு, அலுப்பு வந்ததுண்டு. பச்சையைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஓட்டினார். பச்சை. வேர் அறுத்த செடி காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது.

குழாய்க்காரருக்கும் அவருக்கும் ஒரே வயது, ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். குழாய்க்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"யோவ், இதுல என்ன இல்லன்னு பாரு."

குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். "தரவு டப்பாவ எடுத்துட்டியா? எடுத்தா ஓடாதே."

"ஓடுது."

"ஓடாதுய்யா."

"மேல பாரு."

குழாய்க்காரர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார். அப்புறம் மூலையில் இருந்த அறையின் பக்கம் தலையைத் திருப்பி, "பயிற்சி மெஷின்" என்றார், செத்தவர் பெயரைச் சொல்வது போல.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. புது இயந்திரங்கள் வந்த வாரத்தில் டப்பாக்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. எல்லாருடைய வேலையும் நின்றது, எல்லாரும் குழாய்க்காரர் தலைமாட்டிலேயே நின்றார்கள். தொல்லை தாங்காமல் அவர் ஒரு சின்ன விதியைச் சேர்த்தார்: தரவு டப்பா கிடைக்காவிட்டால் பயிற்சி இயந்திரத்தில் இருக்கிற தரவுத்தளத்தோடு பேசிக்கொள். அந்த இயந்திரம் மருத்துவமனை ஆட்களுக்குப் பாடம் நடத்துவதற்காக வைத்தது. வருஷக்கணக்காகப் பொய் நோயாளிகளும் கையால் போட்ட ஒட்டுத் திருத்தங்களும் அதில் சேர்ந்திருந்தன. அடுத்த வாரம் கோர்ப்பைச் சரிசெய்துவிட்டு விதியை எடுத்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அந்த மாற்றத்துக்குச் சரி என்று அனுமதி கொடுத்திருந்தவர் பெயரையும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். பச்சைக்கொடியார்தான். அன்றைய நெருக்கடியில் படிக்காமலே தட்டியிருக்கிறார்.

"அடுத்தவன் வீட்டு அடுப்புல சமைச்சுக்கிட்டு, நம்ம அடுப்பு நல்லா எரியுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார் அவர். திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

அந்த விதியை எடுத்தார்கள். டப்பாக்களை முறைப்படி கோர்த்தார்கள். புதிய, வெறுமையான, ஒரு நோயாளியையும் அறியாத தரவுத்தளத்தின்மேல் சோதனைகளை ஓட்டினார்கள். சுவர் சிவந்தது. மாடியில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிவந்தது. பெரும்பாலானவை அற்பமான பிழைகள். ஒன்று மட்டும் அப்படி இல்லை. இந்த நோயாளிக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதினால், மென்பொருள் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதை எழுதி வைக்கத் தரவுத்தளத்தில் வேண்டிய கட்டத்தை எப்போதோ யாரோ பயிற்சி இயந்திரத்திலும் பழைய மருத்துவமனைகளிலும் கையால் சேர்த்திருக்கிறார்கள். மென்பொருள் தானாக அதை உண்டாக்கவே இல்லை. புது மருத்துவமனையோ வெறுமையிலிருந்து தொடங்குகிறது.

குழாய்க்காரர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கூட்டாளிமேல் கரிசனம்தான் இருந்தது. "இந்த ஒரு கட்டத்த நாளைக்கு அங்கயும் நான் கையால சேத்துடறேன். மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீ திங்கக்கிழமை கீழ போயிடுய்யா. உன் மூஞ்சியப் பாரு, ஒரு வருஷமா தூங்காத மாதிரி இருக்கு."

அதை உடனே தள்ளிவிட அவரால் முடியவில்லை. கையால் சேர்ப்பது ஒன்றும் ஊரில் நடக்காத காரியம் இல்லை. இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. செல்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அந்த நேரத்தில் மனைவி வேலை முடிந்து வீட்டில் இருப்பார். கூப்பிட்டார். இந்த வேளையில் அழைப்பா என்று மறுமுனையில் பதற்றம். ஒன்றுமில்லை, ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"நீங்க வார்டுல ஏதாவது எழுதறீங்க. சேமிச்சாச்சுன்னு திரையில வருது. அப்புறம் திரும்பப் போய் அது இருக்கான்னு பாப்பீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அதான் சேமிச்சாச்சுன்னு சொல்லிடுச்சே. அத நம்பித்தானே அடுத்த ஷிப்ட்காரி கையில விட்டுட்டு வர்றோம்."

கீழே யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் சேர்ந்து உட்கார்ந்து பேசாவிட்டாலும், அவர் மௌனத்தில் எது எந்த மௌனம் என்று அந்தம்மாவுக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை போச்சா?" என்றார்.

"போச்சுன்னுதான் நினைக்கிறேன்."

"சரி. நான் மேசைய மடிச்சு வச்சிடறேன். நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றார். பிறகு மேலாளர் அறைக்குப் போனார். நடந்ததை நடந்தபடி சொன்னார், தான் படிக்காமல் தட்டிய அனுமதியையும் சேர்த்து. மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அப்படியானால் இத்தனை நாள் பச்சை என்று சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார்.

"பச்சைதான் மேடம். ஆனா நாம அனுப்புற சரக்கோட பச்சை இல்ல."

குழாய்க்காரர் சொன்ன வழியை மேலாளரும் கேட்டார். அந்த ஒரு கட்டத்தை மட்டும் கையால் சேர்த்தால் என்ன? சேர்க்கலாம், அது கண்ணில் பட்டது, படாதது எத்தனை என்று யாருக்குத் தெரியும் என்றார் இவர். மேலாளருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவரும் யாருக்கோ தேதி கொடுத்தவர்.

"உங்களுக்குத் திங்கக்கிழமைன்னு சொல்லியிருந்தேன் சார். அது நிக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். நாளைக்கு நான் கொடி காட்டல."

புது மருத்துவமனைக்காரர்கள் தொலைபேசியில் நன்றாகவே கத்தினார்கள். தேதி சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. திங்கட்கிழமை முதல் மாடி இடத்துக்கு, துண்டு போட்டிருந்த அந்த இன்னொருவர் பூச்செடி ஒன்றோடு குடிபோனார். பச்சைக்கொடியார் மூன்றாவது மாடியில் சிவப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். களையெடுப்பு மாதிரிதான், குனிந்த முதுகு நிமிரக்கூடாது. குழாய்க்காரர் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் எதுவும் சொல்லாமல் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தரவு டப்பா கண் விழிக்கிற வரைக்கும் மற்ற டப்பாக்கள் பொறுத்திருக்கிற மாதிரி கோர்ப்பை மாற்றி எழுத உட்கார்ந்தார்.

உண்மையான டப்பாக்களோடு பைப்லைன் மெதுவானது. சிவப்பு அதிகமானது. அண்ணே, உங்கள் நேர்மை எங்கள் உயிரை வாங்குகிறது என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். என் உயிரையும்தான் என்று அவர் திரும்பாமலே பதில் சொன்னார். கேலி ஓய்ந்தபோது ஒரு பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் யாராவது ஒருவர் வேண்டுமென்றே தரவு டப்பாவைக் கழற்றிவிட்டு ஓட்டுவார். சுவர் சிவந்தால்தான் நிம்மதி. சிவந்ததும் டப்பாவைத் திரும்ப மாட்டிவிட்டு, இனி வருகிற பச்சையை நம்பலாம் என்று கலைந்து போவார்கள். சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற வேறு அலுவலகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

புது மருத்துவமனைக்கு அவர் கொடி காட்டிய நாளில் கைதட்டல் எதுவும் இல்லை. ஒருவர் கை குலுக்கினார், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் வீட்டுக்குக் குரல் அனுப்பினார், ஏறிவிட்டது, ஒன்றும் உடையவில்லை என்று. மறுநாள் அவர் கண் விழித்தபோது பதில் காத்திருந்தது: "சந்தோஷம். கேஸ் இன்னிக்கு வரும், முழிச்சிருங்க."

மனைவி மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டார். கொஞ்ச காலம் கிடைத்தது. அந்த நாட்களில் மடக்கு மேசை விரிந்தே இருந்தது, இருவரும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்று அந்தம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். பேச என்ன இருக்கிறது, இரண்டு பேருக்கும் தூக்கம்தான் வந்தது. பிறகு ஆள் பற்றாக்குறை என்று மறுபடி காலை ஷிப்டில் போட்டுவிட்டார்கள்.

இப்போது பச்சைக்கொடியார் அதே மூன்றாவது மாடியில், அதே நாற்காலியில், மதிய வேலையில் இருக்கிறார். மனைவி காலை ஷிப்டில் இருக்கிறார். மேசை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, விடுமுறை நாளில் மட்டும் எடுக்கிறார்கள்.